இடுப்பு மூட்டுக்கு ஒரு தலையணை

பிறந்த குழந்தையின் இடுப்பு மூட்டு முற்றுப்பெற்ற உறுப்பன்று. தொடையெலும்பின் மேல்முனையிலுள்ள உருண்டைத் தலையும், அத்தலை அமர்ந்து சுழலும் இடுப்பெலும்பின் கிண்ணக்குழியும் பிறப்பின்போது பெரும்பாலும் குருத்தெலும்பாகவே, அதாவது வளையவும் உருமாறவும் கூடிய மென்மையான இழையமாகவே, இருக்கின்றன. குழி எவ்வளவு ஆழமாக அமையும் என்பதில் பரம்பரைக்குப் பங்குண்டு என்றாலும், உருண்டைத் தலை குழிக்குள்ளேயே தங்கி அசைந்துகொண்டிருப்பதற்கு அதைவிடப் பெரிய பங்குண்டு. ஆட்டுக்கல்லின் குழி, குழவி சுழலச் சுழலத்தான் வழவழப்பான வட்டமாகிறது. குழந்தையின் இடுப்பிலும் தலை குழிக்குள் இருந்தால்தான் குழி ஆழ்கிறது, தலை வெளியே நழுவிவிட்டால் குழி வெறும் சரிவாக நின்றுபோகிறது, நாளடைவில் தலையும் தட்டையாகிவிடுகிறது.

இக்குறைபாட்டை ‘இடுப்பு மூட்டின் வளர்ச்சிப் பிறழ்வு’ என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடுகின்றன. குழி சற்று ஆழம் குறைந்திருப்பது தொடங்கி, தலை குழியின் விளிம்புக்கு வந்து வந்து திரும்புவது, முற்றாகவே வெளியேறி மேலே ஏறிவிடுவது வரை பல படிநிலைகள் இதில் அடங்கும். பெண் குழந்தைகளிடம் இது பல மடங்கு மிகுதியாகக் காணப்படுகிறது. தலைச்சன் பிள்ளைகளுக்கும், கருப்பையில் கால்மாறி இருந்த பிள்ளைகளுக்கும், குடும்பத்தில் முன்பு எவருக்கேனும் இக்குறை இருந்த பிள்ளைகளுக்கும் வாய்ப்பு கூடுதல். வலப்பக்கத்தைவிட இடப்பக்கமே அதிகம் பாதிக்கப்படுகிறது. கருப்பையில் குழந்தை வழக்கமாகக் கிடக்கும் நிலையில் அதன் இடத்தொடை தாயின் முதுகெலும்புப் பக்கம் ஒடுங்கி, விரிய இடமின்றி இருப்பதே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகரில் ஆய்வு நடத்திய பார்லோ 1962-இல் வெளியிட்ட கணக்கின்படி, பிறக்கும் 60 குழந்தைகளில் ஒன்றின் இடுப்பு நிலையற்றதாக இருக்கிறது. அவற்றில் 60 விழுக்காடு முதல் வாரத்திலும், 88 விழுக்காடு இரண்டு மாதத்துக்குள்ளும் தாமாகவே உறுதிப்பட்டுவிடுகின்றன. எஞ்சும் சிறு தொகையினர்தாம், கவனிக்கப்படாமல் போனால், ஒரு காலைச் சாய்த்தும் உடலை அசைத்தும் நடந்து, நடுவயதுக்குள் மூட்டுத் தேய்வு கண்டு வலியோடு வாழ நேர்கிறது.

உரிய வயதில் தொடங்கினால் இதற்கான மருத்துவம் மிக எளிமையானது. தொடைகளை மடக்கி, பக்கவாட்டில் விரித்து, சில வாரங்களுக்கு அப்படியே வைத்திருந்தால் தலை குழிக்குள் அமர்ந்துவிடும். அமர்ந்தபின் எஞ்சிய வேலையைக் குழந்தையின் வளர்ச்சியே செய்துவிடும். பஞ்சடைத்த ஒரு தலையணையும் தோளில் மாட்டும் இரண்டு நாடாக்களுமே இதற்குப் போதும் என்று ஒரு காலம் நம்பியது. தையல் தெரிந்த எந்தத் தாயும் ஒரு மாலைப்பொழுதில் செய்துவிடக்கூடிய பொருள் அது. அந்தத் தலையணை எங்கிருந்து வந்தது, அதற்கு உரிமை கொண்டாடத் தக்கவர் யார், இலங்கையின் ஊவா மலைகளில் மடுல்சீமை போன்ற தோட்டப்புறத்தில் பிறக்கும் குழந்தைக்கு அந்த வரலாறு எதைச் சொல்கிறது என்பனவற்றை இந்த அத்தியாயம் ஆராய்கிறது.

தீராதது எனப்பட்ட நோய்

பிறப்பிலேயே இடுப்பு விலகியிருக்கும் நிலையைப் பண்டைக் கிரேக்கத்தின் ஹிப்போகிரட்டீஸ் மரபைச் சேர்ந்த நூல்களே விவரித்துள்ளன. எனினும், விவரிப்பிலிருந்து மருத்துவத்துக்கு வந்துசேர இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பாரிஸ் நகரின் புகழ்பெற்ற அறுவை மருத்துவரான டுப்யுட்ரன் 1826-இல் இக்குறைபாட்டைத் துல்லியமாகப் பதிவுசெய்தார். ஆயினும், குழி உருவாகாமலேயே போன மூட்டில் தலையைக் கொண்டுபோய் நிறுத்த வழியில்லை என்பதே அவர் முடிவு. அவர் பார்த்த நோயாளர்கள் பெரும்பாலும் நடக்கத் தொடங்கியபின், சிலர் வளர்ந்து முடிந்தபின், அவரிடம் வந்தவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் அம்முடிவில் தவறில்லை. நோய் தீராதது போலத் தோன்றியதற்கு முதன்மைக் காரணம், மருத்துவர் குழந்தையைச் சந்தித்த வயதே.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் பாச்சியும், வியன்னாவின் அடோல்ஃப் லோரன்ஸும் அறுவையில்லாமல், மயக்கமருந்து கொடுத்துக் கைவலிமையால் தொடையை இழுத்து, மடக்கி, விரித்து, தலையைக் குழிக்குள் தள்ளும் முறையைக் கையாண்டனர். முதலில் செய்தவர் யார் என்பதில் இருவர் தரப்பிலும் பூசல் எழுந்தது. லோரன்ஸ் இம்முறைக்கு வந்த வழி விந்தையானது: அக்காலத்தில் கிருமிகொல்லியாகப் பயன்பட்ட கார்பாலிக் அமிலம் அவருடைய தோலுக்கு ஒவ்வாமல் கைகள் புண்ணானதால், கத்தியைக் கைவிட்டு, வெறுங்கையால் செய்யக்கூடிய மருத்துவத்தை நாட வேண்டியவரானார். 1902-இல் சிகாகோ நகரின் இறைச்சித் தொழில் செல்வந்தர் ஒருவரின் மகளுக்கு மருத்துவம் செய்ய அவர் அழைக்கப்பட்டபோது, அமெரிக்க நாளிதழ்கள் அவரை வானளாவப் புகழ்ந்தன.

லோரன்ஸ் தொடைகளை 90 பாகை அளவுக்குப் பக்கவாட்டில் விரித்து, சாந்துக் கட்டுக்குள் மாதக்கணக்கில் இறுக்கி வைத்தார். இந்நிலை ‘தவளை நிலை’ எனப் பெயர் பெற்றது. தலை குழிக்குள் நின்றது உண்மைதான். ஆனால் அளவுக்கு மீறி விரிக்கப்பட்ட தொடையில், உருண்டைத் தலைக்குக் குருதி கொண்டுசெல்லும் நுண்ணிய நாளங்கள் நசுங்கின. குருதி கிடைக்காத தலையின் எலும்பு இறந்து, உதிர்ந்து, உருக்குலைந்தது. குருதியின்மையால் நேரும் இந்த எலும்பு இறப்பு, விலகல் என்ற நோய்க்கு மருத்துவமே தந்த இரண்டாவது நோயாயிற்று. பின்னர் தோன்றிய தலையணைகள், பட்டைகள் யாவற்றையும் இந்த இடரைத் தவிர்க்கும் முயற்சிகளாகவே வாசிக்க வேண்டும்.

போலோஞாவிலிருந்து பிர்னோ வரை

தலையணையின் எழுதப்பட்ட வரலாறு இத்தாலியின் போலோஞா நகரிலுள்ள ரிட்சோலி எலும்பு மருத்துவ நிறுவனத்தில் தொடங்குகிறது எனலாம். அதன் இயக்குநராக இருந்த வித்தோரியோ பூத்தி (1880–1940), குழந்தை நடக்கும்வரை காத்திருப்பதே பெரும்பிழை என்று 1920-களின் இறுதியில் வலியுறுத்தி, முதல் ஆண்டிலேயே எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துக் குறையைக் கண்டறிந்து, முக்கோண வடிவத் தலையணை ஒன்றைத் தொடைகளுக்கிடையே வைத்துக் கட்டினார். இரும்பும் சாந்தும் ஆண்ட துறையில் பஞ்சு நுழைந்தது அப்போதுதான். வயது குறையக் குறையத் தேவைப்படும் விசையும் குறைகிறது என்ற எளிய உண்மையே பூத்தியின் பெரும்பங்களிப்பு. வலிமையான கைகள் ஐந்து வயதில் செய்ததை, மென்மையான பஞ்சு ஐந்து மாதத்தில் செய்தது.

ஆனால் ஐந்து மாதக் குழந்தையிடம் இக்குறை இருப்பதை எப்படி அறிவது? அது அழுவதில்லை; வலி இல்லை; நடக்காததால் நொண்டலும் இல்லை. இக்கேள்விக்கான விடையை ஒரு தாய் கொண்டுவந்தார். இத்தாலியின் ஃபெராரா நகரில் குழந்தை மருத்துவராக இருந்த மரினோ ஓர்த்தொலானியிடம் 1930-களின் நடுப்பகுதியில் வந்த அப்பெண், குழந்தையின் பிறப்புறுப்புப் பகுதியைக் கழுவுவதற்காகக் கால்களை விரிக்கும்போதெல்லாம் இடுப்பில் ‘டக்’ என்று ஏதோ இடறுவதாகச் சொன்னார். ஓர்த்தொலானி அதைப் புறக்கணிக்காமல் தாம் செய்து பார்த்தார். குழந்தையை மல்லாத்தி, முழங்கால்களை மடக்கி, கட்டைவிரல் தொடையின் உட்புறத்திலும் நடுவிரல் தொடையின் வெளிப்புறம் துருத்தி நிற்கும் எலும்பின் மேலும் படியுமாறு பற்றி, தொடைகளை மெல்லப் பக்கவாட்டில் விரித்து, நடுவிரலால் மேல்நோக்கிச் சற்றே தூக்கும்போது, விலகியிருந்த தலை குழியின் விளிம்பைத் தாண்டி உள்ளே விழுவது விரலுக்குத் தெரிந்தது. 1937-இல் அவர் இதை எழுதி வெளியிட்டார். ஜெர்மனியின் ரோஸர் 1879-இலும், பிரான்சின் லெ தமனி 1912-இலும் இத்தகைய அசைவைக் குறிப்பிட்டிருந்தபோதிலும், உலகின் பிரசவ விடுதிகளில் இன்றும் நாள்தோறும் செய்யப்படும் சோதனை ஓர்த்தொலானியின் பெயராலேயே வழங்குகிறது. பார்லோ அதற்கு மறுபாதியைச் சேர்த்தார்: குழிக்குள் இருக்கும் தலை வெளியே நழுவக்கூடியதா என்று மெல்லத் தள்ளிப் பார்ப்பதே பார்லோ சோதனை.

ஓர்த்தொலானியின் காலகட்டத்திலேயே, மொராவியாவின் பிர்னோ நகரில் பணியாற்றிய பெட்ரிச் ஃப்ரெய்கா (1890–1972), 1941-இல் தம் பெயரால் அறியப்படவிருந்த தலையணையை வெளியிட்டார். முன்னே தொப்புளுக்குக் கீழிருந்து பின்னே முதுகின் அடிவரை செல்லும் அகலமான பட்டைத் தலையணை ஒன்று, இடைக்கச்சையின் மேலாகக் கால்களுக்கிடையே நுழைக்கப்பட்டு, குழந்தையின் உடுப்பைப் போன்ற துணி உறையால் மூடப்பட்டு, தோள்களின் மேல் நாடாக்களால் முடியப்படும். தலையணையின் அகலத்துக்கு ஏற்பத் தொடைகள் மடங்கி விரிந்து நிற்கும். வீட்டிலேயே தைக்கத்தக்க எளிமையால் அது பல நாடுகளுக்குப் பரவியது. பரவியபின் குறைகளும் தெரிந்தன: நனைந்த துணியை மாற்றும் ஒவ்வொரு முறையும் தலையணையைக் கழற்ற நேர்ந்தது, கழற்றியபோது கால்கள் ஒன்றுசேர்ந்து தலை மீண்டும் நழுவியது, நாட்பட்ட பஞ்சு அமுங்கியபோது விரிவு குறைந்தது, மிகுதியாக அடைத்தபோதோ பழைய தவளை நிலையின் இடர் திரும்பி வந்தது.

இதற்கு மாற்றைக் கண்டவர் செக் நாட்டு மருத்துவரான அர்னோல்டு பாவ்லிக் (1902–1962). அசையாமல் பிடித்து வைப்பதே மருத்துவம் என்று அதுவரை நிலவிய நம்பிக்கையை அவர் மறுத்து, குழந்தை தன் கால்களைத் தானே உதைத்து ஆடும்போதுதான் தலை இயல்பாகவும் பாதுகாப்பாகவும் குழிக்குள் செல்கிறது என்றார். 1940-களின் நடுப்பகுதியில் அவர் அமைத்த பட்டை, மார்பைச் சுற்றி ஒரு வார், தோள்களின் மேல் இரண்டு வார்கள், குதிரைச் சேணத்தின் மிதிவளையத்தை ஒத்த இரண்டு கால்தாங்கிகள் ஆகியவற்றைக் கொண்டது. முன்வார் தொடையை மடக்கி வைக்கிறது. பின்வார் தொடைகள் ஒன்றோடொன்று சேராமல் தடுக்கிறது. இவ்விரு எல்லைகளுக்கிடையே கால் ஆடலாம். பின்வாரின் வேலை தடுப்பது மட்டுமே. அதை இறுக்கித் தொடையை இழுத்து விரிக்கக் கூடாது என்பதில்தான் இக்கருவியின் முழு நுட்பமும் அடங்கியிருக்கிறது. சுவீடனின் மால்மோ நகரில் சோஃபுஸ் ஃபோன் ரோசன் 1950-களில் வளைக்கத்தக்க அலுமினியத் தகட்டால் ஒரு தாங்கியைச் செய்து, புதிதாய்ப் பிறந்த குழந்தைகள் அனைவரையும் சோதிக்கும் வழக்கத்தோடு அதை இணைத்தார். ஆயினும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இன்று உலகெங்கும் முதலில் நாடப்படுவது பாவ்லிக்கின் வார்ப்பட்டையே.

துணியின் இரு வேலைகள்

தலையணையும் பட்டையும் அமைத்த மேற்கண்ட மருத்துவர்கள் அனைவரும் தேடி அடைந்த நிலை ஒன்றே: தொடை 90 பாகையளவில் அல்லது சற்றுக் கூடுதலாக மடங்கியும், மிதமாகப் பக்கவாட்டில் விரிந்தும், முழங்கால் பிட்டத்தைவிட உயர்ந்தும் இருக்கும் நிலை. பெரியவர் ஒருவரின் இடுப்பிலோ முதுகிலோ கால்களை இருபுறமும் போட்டு அமரும் குழந்தை தானாக எடுத்துக்கொள்ளும் நிலையும் இதுவே. எனவே, குழந்தைகளை மனிதர்கள் எப்படித் தூக்குகிறார்கள், எப்படிச் சுற்றுகிறார்கள் என்பதற்கும் இக்குறைபாட்டின் பரவலுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுந்தது. விடை பல நாடுகளிலிருந்து கிடைத்தது.

வட ஐரோப்பாவின் சாமி மக்கள் குழந்தையை நீள்வடிவத் தொட்டிலில் கால் நீட்டிக் கட்டினர். வட அமெரிக்காவின் நவஹோ மக்கள் பலகைத் தொட்டிலில் கால் சேர்த்துக் கட்டினர். இரு சமூகங்களிலும் இடுப்பு விலகல் மிகுந்திருந்தது. ஆப்பிரிக்காவில் பிறந்த சில நாட்களிலிருந்தே தாயின் முதுகில் கால் விரித்துக் கட்டப்படும் குழந்தைகளிடம் அது மிக அரிது. மலாவி நாட்டின் ஒரு எலும்பு மருத்துவமனையில் பத்தாண்டுக் காலத்தில் வந்த 40,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், பிந்திக் கண்டறியப்பட்ட இடுப்பு விலகலுக்காக அறுவை செய்யப்பட்ட ஒரு குழந்தையையும் அதில் காணவில்லை என 2015-இல் எழுதினர்.

மரபணு வேறுபாடே இதற்குக் காரணம் என வாதிடலாம். ஆனால் ஜப்பானின் அனுபவம் அந்த வாதத்தைப் பெரிதும் தளர்த்திவிடுகிறது. அங்கு குழந்தைகளின் இடுப்பையும் முழங்காலையும் நீட்டித் துணியால் சுற்றும் வழக்கம் இருந்தது. 1965-க்கு முன் 100 குழந்தைகளில் 1.1 முதல் 3.5 வரை இக்குறைக்கு ஆளாயினர். கியோட்டோவைச் சேர்ந்த இஷிதாவும் அவருடைய துறையினரும் 1975-இல் நாடளாவிய பரப்புரையைத் தொடங்கி, கால்களை நீட்டிக் கட்டாதீர்கள், மடங்கி விரிந்த நிலையிலேயே விடுங்கள் என்று பாட்டிமாருக்கும் தாய்மாருக்கும் கற்பித்தனர். விகிதம் 0.2 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. ஒரு தலைமுறைக்குள் மரபணு மாறுவதில்லை. மாறியது துணியைச் சுற்றும் முறைதான். ஜப்பானிய ஆய்வுகள் மற்றொன்றையும் காட்டின: கோடையில் பிறந்தவரைவிடக் குளிர்காலத்தில் பிறந்த குழந்தைகளிடம் இக்குறை கூடுதலாக இருந்தது, குளிருக்கு அஞ்சி அடர்த்தியாகச் சுற்றுவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

ஆகவே துணிக்கு இரு வேலைகள் உண்டு. தொடைகளைச் சேர்த்து நீட்டிக் கட்டும்போது அது நோயை உண்டாக்கும் கருவி. தொடைகளை விரித்துத் தாங்கும்போது அது நோயைத் தீர்க்கும் கருவி.

முதுகில் கூடை, ஒக்கலில் பிள்ளை

பதுளையிலிருந்து பசறை வழியாக ஏறினால் வரும் மடுல்சீமை, 19-ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காகத் திறக்கப்பட்டு, கோப்பி நோயால் அழிந்தபின் தேயிலைக்கு மாறிய மலைப்பகுதி. தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் லயங்கள் எனும் வரிசை வீடுகளில் குடியேறி, தங்கள் பிள்ளை வளர்ப்பு முறைகளையும் அங்கே கொண்டுவந்தன. அம்முறைகளோடு தோட்ட வேலையின் ஒழுங்கும் கலந்தபோது, குழந்தையின் இடுப்பு எந்நேரத்தில் எந்நிலையில் இருக்கும் என்பதை அவ்விரண்டும் சேர்ந்தே முடிவுசெய்தன.

ஆப்பிரிக்கத் தாயின் முதுகில் குழந்தை இருக்கிறது; கொழுந்து பறிக்கும் பெண்ணின் முதுகிலோ, தலையில் மாட்டிய கயிற்றில் தொங்கும் கூடை இருக்கிறது, இடுப்பிலோ முரட்டுத் துணிப் படங்கு கட்டியிருக்கிறது. மலைச்சரிவில் செடிகளுக்கிடையே ஏறியிறங்கும் அந்த உடலில் வேலை நேரத்தில் பிள்ளைக்கு இடமில்லை. பேற்று விடுமுறை முடிந்து தாய் மலைக்குத் திரும்பும்போது குழந்தை தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவுக்குச் செல்கிறது. தாய் பாலூட்டும் நேரத்துக்கு மட்டும் அங்கே வந்து போகிறார். மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுத்தபின் பிள்ளையை வாங்கி ஒக்கலில் வைத்துக்கொண்டு லயத்துக்கு நடக்கும் அந்த நேரமும், வீட்டில் பாட்டியோ அக்காவோ ஒக்கலில் தூக்கித் திரியும் நேரமுமே, கருவியேதும் இன்றிப் பாவ்லிக் நிலை கிடைக்கும் நேரங்கள். இடுப்பின் வளைவில் அமர்ந்த குழந்தையின் ஒரு தொடை தாயின் வயிற்றுப் பக்கமும் மற்றது முதுகுப் பக்கமும் விரிகிறது. தாயின் முன்கை பிட்டத்தைத் தாங்குகிறது. கால்கள் உதைத்தாட இடம் இருக்கிறது. வார், வளையம், நாடா அனைத்தின் வேலையையும் ஓர் இடுப்பும் ஒரு கையும் செய்துவிடுகின்றன.

எனினும், இதைக் கொண்டு நம் முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று முடிவுகட்டுவது அவசரமாகும். ஒக்கலில் வைக்கக் குழந்தைக்குத் தலை நிற்க வேண்டும், முதுகு ஓரளவு உறுதிப்பட வேண்டும். அதற்கு நான்கைந்து மாதமாவது ஆகும். இடுப்பு மூட்டு மிக நெகிழ்வாக இருப்பதும், நன்மையோ தீமையோ மிக விரைவாக நேர்வதும் முதல் மூன்று மாதங்களில். அந்த மாதங்களில் குழந்தை ஒக்கலில் இல்லை; பாயிலும், மடியிலும், சேலைத் தொட்டிலிலும் இருக்கிறது. சேலைத் தொட்டிலில் குழந்தையின் உடல் வளைந்து, தொடைகள் மடங்கியே கிடப்பதால், கால் நீட்டிக் கட்டும் பலகைத் தொட்டிலைவிட அது மேலானது. ஆயினும் துணி இருபுறமிருந்தும் நெருக்குவதால் தொடைகள் விரியும் இடம் குறைகிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டரைக் கடந்த மலையில், வடகீழ்ப் பருவமழை கொட்டும் மாதங்களில் பிறக்கும் பிள்ளையைக் குளிருக்காக இறுகச் சுற்றுவதும் இயல்பே. ஜப்பானியக் குளிர்காலக் குழந்தைகளைப் பற்றிய ஆய்வு இங்கே பொருந்துகிறது.

பிள்ளையைக் குளிப்பாட்டும் முறையையும் இவ்விடத்தில் கவனிக்க வேண்டும். பாட்டி கால்களை நீட்டி அமர்ந்து, தன் முழங்கால்களுக்குக் கீழே குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றும் முறையில் தீங்கேதும் இல்லை. தொடையிடுக்கைக் கழுவ அவர் கால்களை விரிக்கும்போது ஃபெராராவின் தாய் உணர்ந்த அதே இடறலை உணரும் வாய்ப்பும் அவருக்கே முதலில் கிடைக்கிறது. ஆனால் ‘கால் நேராக வரட்டும்’ என்று இரு கால்களையும் சேர்த்து இழுத்து நீவுவதும், கணுக்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும், இறுதியில் கால்களை நீட்டித் துணியால் இறுக்கிப் பொதிவதும், நிலையற்ற மூட்டில் தலையைக் குழிக்கு வெளியே தள்ளும் செயல்கள். பிறந்த குழந்தையின் தொடை மடங்கியிருப்பது குறையன்று, கருப்பையில் இருந்த நிலையின் தொடர்ச்சி. சில மாதங்களில் அது தானாக நீளும்.

தைக்கக்கூடியதும் தைக்கமுடியாததும்

உள்ளூர்ப் பொருளாலும் கைவினைஞர் திறத்தாலும் எலும்பு மருத்துவக் கருவிகள் உருவாவது தெற்காசியாவுக்குப் புதிதன்று. 1960-களின் இறுதியில் ராஜஸ்தானில் மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் ரப்பரைக் கொண்டு உருவாக்கிய ஜெய்ப்பூர் கால், ஏழை உழவர் வெறுங்காலோடு வயலில் இறங்கவும் சம்மணமிட்டு அமரவும் உதவியது. இடுப்புக்கான வார்ப்பட்டையும் தடித்த பருத்தித் துணி, பஞ்சுப் பட்டை, ஒட்டுநாடா ஆகியவற்றால் மருத்துவமனைத் தையற்கூடத்திலேயே செய்யத்தக்கது. அப்படியிருக்க, ஏன் அதைத் தாயே வீட்டில் செய்துகொள்ளக் கூடாது?

கருவி எளிதெனினும், அதன் அளவு எளிதன்று என்பதே விடை. 1976-இல் ராம்சே, லாசர், மெக்யுவன் ஆகிய மூவர் ‘பாதுகாப்பு வலயம்’ என்ற கருத்தை முன்வைத்தனர். தொடையை எந்த அளவுக்குக் குறைவாக விரித்தால் தலை மீண்டும் நழுவுகிறதோ அது ஓர் எல்லை. எந்த அளவுக்கு மேல் விரித்தால் மூட்டு இறுகி எதிர்க்கிறதோ அது மற்றோர் எல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியிலேயே கால் ஆட வேண்டும். அந்த வலயம் குழந்தைக்குக் குழந்தை வேறுபடும்; பயின்ற விரல்களே அதை உணரும். பின்வார் இறுகினால் உருண்டைத் தலைக்குக் குருதி தடைப்படும். முன்வார் இறுகித் தொடை மிகையாக மடங்கினால் தொடையின் முன்புற நரம்பு நசுங்கிக் குழந்தை முழங்காலை நீட்ட முடியாமற்போகும். தலை குழிக்குள் சேராமலேயே வாரக்கணக்கில் பட்டை கட்டப்பட்டிருந்தால், குழியின் பின்விளிம்பு தேய்ந்து, பின்னர் செய்ய வேண்டிய அறுவையும் கடினமாகும். அதனால்தான் மூன்று நான்கு வாரத்துக்குள் தலை சேரவில்லையெனில் பட்டையைக் கைவிட வேண்டும் என்பது விதி. தலை சேர்ந்ததா இல்லையா என்பதை வெளியிலிருந்து கண்ணால் காண இயலாது. உருண்டைத் தலையில் எலும்பு மையம் தோன்ற நான்கு முதல் ஆறு மாதம் ஆவதால் அதற்குமுன் எக்ஸ்-கதிர்ப் படமும் பெரிதும் உதவாது. ஆஸ்திரியாவின் ரெயின்ஹார்டு கிராஃப் 1980-இல் அறிமுகப்படுத்திய மீயொலிப் பரிசோதனையே, ஒலியலைகளால் குருத்தெலும்பின் வடிவத்தைக் காட்டி, இந்த இருட்டை நீக்கியது.

இதற்கு நேர்மாறாக, இரண்டு மூன்று இடைக்கச்சைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டுவது என்ற வீட்டு மருத்துவம், தீங்கு செய்யாவிட்டாலும் நன்மை செய்வதாகவும் நிறுவப்படவில்லை. தொடையை நிலைநிறுத்தும் வலு அத்துணிக்கு இல்லை. ஆனால் ஏதோ செய்துவிட்டோம் என்ற நிறைவைப் பெற்றோருக்குத் தந்து, சோதனைக்குப் போக வேண்டிய வாரங்களைத் தின்றுவிடும்.

ஆக, தலையணையின் மூலத்தைத் தேடிச் செல்பவர் தனியொரு கண்டுபிடிப்பாளரைச் சென்றடைவதில்லை. பூத்தி வயதைக் கண்டார். ஃபெராராவின் தாய் அடையாளத்தைக் கண்டார், ஓர்த்தொலானி அதைச் சோதனையாக்கினார். ஃப்ரெய்கா பஞ்சை உடுப்பாக்கினார். பாவ்லிக் அசைவைத் திருப்பிக் கொடுத்தார். அவர்கள் வந்தடைந்த நிலையோ எழுத்தறியாத் தாய்மாரின் இடுப்பிலும் முதுகிலும் ஏற்கெனவே இருந்தது. மருத்துவம் புதிதாகச் சேர்த்தவை இரண்டு: அந்த நிலையைப் பிறந்த வாரத்துக்கே முன்கொண்டு வந்தது, யாருக்கு அது தேவை என்று கண்டறியும் சோதனையைத் தந்தது. முன்னதைத் துணியால் செய்யலாம்; பின்னதை எந்தத் துணியாலும் தைக்க முடியாது.

அந்தச் சோதனைக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. சூடேற்றிய கைகள், அமைதியான குழந்தை, ஓரிரு நிமிடங்கள் போதும். இந்தியா 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் சுவாஸ்திய காரியக்கிரமம், சோதிக்க வேண்டிய 30 நோய்நிலைகளில் இடுப்பு மூட்டின் வளர்ச்சிப் பிறழ்வையும் சேர்த்துள்ளது. இலங்கையில் பிரசவத்துக்குப் பின் முதல் பத்து நாட்களுக்குள் இருமுறை வீடு தேடி வரவேண்டிய குடும்ப நல மருத்துவமாது, இந்தச் சோதனை செய்யப்பட்டதா என்று கேட்பதற்கு மிகப் பொருத்தமானவர். லயத்துக்குப் பாதை சரிவும் வழுக்குமாக இருக்கும் மழைமாதங்களில் பிறக்கும் பிள்ளைகளுக்கு, குளிரும் இறுக்கமான பொதியும் சேர்ந்து கொள்வதால், அந்த வருகையின் தேவை இன்னும் கூடுதல்.

மடுல்சீமையின் தாய்மாரும் பாட்டிமாரும் பிள்ளைக்காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்களும் நினைவில் கொள்ள வேண்டியவை சிலவே. பிள்ளையைக் குளிருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் போர்த்தலாம், ஆனால் இடுப்புக்குக் கீழே துணி தளர்ந்து, கால்கள் மடங்கி விரிய இடம் இருக்க வேண்டும். கால்களை நீட்டி இழுத்து நீவவும், கணுக்காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கவும் கூடாது. தலை நின்றபின் ஒக்கலில் தாராளமாக வைத்துத் தூக்கலாம். குளிப்பாட்டும்போது இடுப்பில் ஏதேனும் இடறினாலோ, ஒரு தொடை மற்றதைப் போல விரிய மறுத்தாலோ, முழங்கால்களை மடக்கிச் சேர்த்து வைக்கும்போது ஒன்று மற்றதைவிடத் தாழ்ந்து தெரிந்தாலோ, நடக்கும்போது சரியாகிவிடும் என்று காத்திராமல், வீட்டில் தலையணை தைத்துக் கட்டிப் பார்க்காமல், தோட்டத்து மருத்துவரிடம் சொல்லிப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கொண்டுசெல்ல வேண்டும். ஆறு வாரத்தில் சென்றால் துணிப்பட்டை போதும். ஆறு மாதத்துக்குப் பின் சாந்துக் கட்டும், நடக்கும் வயதுக்குப் பின் பெரும்பாலும் அறுவையும் தேவைப்படும்.